மொட்டைமாடியில் ஒரு கேமரா

அந்த ஆளின் கேமரா வானத்தைப் பார்க்கவில்லை. முதல் வாணம் வெடித்தபோதே குடியிருப்புச் சங்கச் செயலாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

புதுப் பாலத் திறப்புக்காக அன்று மாலை ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. குடியிருப்பே மொட்டைமாடியில் கூடி அண்ணாந்து நின்றது. எல்லாருக்கும் பின்னால், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் உள்ளங்கை அளவு கேமரா ஒன்றை வைத்திருந்தார் லிஃப்ட் மெக்கானிக். தரைத்தளத்துக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. தனி ஆள். அதுவே செயலாளரின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

செயலாளர் முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். அவருடைய சந்தேகம் இன்னும் சர்வீஸில் இருந்தது.

"அப்பா, அங்க பாருங்க, பச்சை!" மகள் அவர் தோளைத் தொட்டாள். விடிந்தால் அவளுக்கு விமானம். வெளிநாட்டு வேலை, இரண்டு வருஷத்துக்கு லீவே கிடையாது. அம்மா கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"பார்க்கறேன், பார்க்கறேன்" என்றார். பார்த்தது மெக்கானிக்கை.

பட்டனை அழுத்துகிறான். உடனே கையை எடுத்துவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று தள்ளி நின்றுகொள்கிறான். ஃபிளாஷும் அடிக்கவில்லை. இருட்டில் படம் எடுக்கிறவன் எவனாவது ஃபிளாஷை அணைப்பானா?

"மடியில கனம் இல்லேன்னா எதுக்கு இந்தத் திருட்டு வேலை?" பக்கத்தில் நின்ற பொருளாளரின் காதைக் கடித்தார். "முன்னாடி நிக்கிறது பூரா பொம்பளைங்க. அவன் எதை எடுக்கறான்னு நினைக்கறீங்க?"

"நாளைக்குக் கூப்பிட்டு விசாரிச்சிடலாம் சார்."

"விசாரிக்க என்ன இருக்கு? காலி பண்ணச் சொல்லிட வேண்டியதுதான்."

"அப்பா, தங்க மழை மாதிரி கொட்டுது! ஒரு நிமிஷம் திரும்புங்களேன்!"

"இரும்மா."

மறுநாள் மாலை சங்க அறையில் கூட்டம். செயலாளர், பொருளாளர், மூன்றாம் மாடி டீச்சர். செயலாளரின் மனைவியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். காலையில் மகளை ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

மெக்கானிக் வேலை உடுப்போடு வந்து நின்றார்.

"நண்டு சிண்டு கையில எல்லாம் ஃபோன் இருக்கு. உனக்கு எதுக்குய்யா கேமரா?" என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"என் ஃபோன்ல படம் விழாது சார். இதுல வாணத்துக்குன்னே ஒரு மோடு இருக்கு. அதுல வெச்சா நாலு செகண்ட் கண்ணை மூடாது. கை பட்டா படம் ஆடிடும். அதான் டைமர் போட்டுட்டு நகர்ந்துக்கிட்டேன்."

"ஃபிளாஷை ஏன் அணைச்சே?"

"வானம் வரைக்கும் எட்டுமா சார்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. செயலாளருக்கு வரவில்லை.

"வானத்தை எடுக்கறவனுக்குக் கீழ நிக்கிற ஆளுங்க எதுக்கு?"

"வெறும் வாணத்தை எங்க எடுத்தாலும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும். ஜனங்க நின்னு பார்க்கறதும் சேர்ந்து விழுந்தாத்தான் அழகு. முதுகுதானே தெரியப்போகுது?"

"பேச்செல்லாம் ஜோராத்தான் இருக்கு. படத்தைப் போடு. எதுலயாவது ஒரு முகம் தெரிஞ்சாலும், இந்த மாசக் கடைசியில நீ வீட்டைக் காலி பண்ணணும்."

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. தனி ஆளுக்கு வீடு இல்லை என்று நாலு மாதம் தெருத்தெருவாக விரட்டப்பட்ட பிறகு கிடைத்த வீடு இது. கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்து, சங்க அறை டி.வி.யில் செருகினார்.

முதல் படம். வானம் முழுக்கச் சிவப்பு. கீழே வரிசையாக முதுகுகள். ஓடி விளையாடிய குழந்தைகள் வெறும் புகையாகப் பதிந்திருந்தார்கள்.

"இதுல என்னங்க இருக்கு?" என்ற டீச்சர், சட்டென்று கண்ணாடியைச் சரிசெய்தார். "இருங்க, இருங்க. நடுவுல ஒரு முகம் தெரியுது."

"பார்த்தீங்களா!" செயலாளர் எழுந்தே விட்டார். "யார் வீட்டுப் பொண்ணு?"

"பொண்ணு இல்ல சார். நீங்க."

அடுத்த படத்தில் வானம் பச்சை. கீழே அதே முகம். மூன்றாவதிலும் அதுதான். ஊரே முதுகு காட்டி நிற்க, ஒரே ஒருத்தர் கேமராவை முறைத்துக்கொண்டு, நாலு செகண்டும் இமை அசையாமல், வெட்டி ஒட்டிய மாதிரி துல்லியமாக நின்றார். பொருளாளர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

முகத்துக்குப் பக்கத்தில் மகள். ஒரு கை அப்பாவின் தோளில். இன்னொரு கை வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது படத்திலும் அப்படியேதான். பத்தாவது படத்தில் கையைத் தொங்கவிட்டு, தனியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் மெதுவாக உட்கார்ந்தார்.

மெக்கானிக்குக்கே அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "மன்னிச்சிருங்க சார். இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"அழிக்காதீங்க தம்பி" என்றார் செயலாளரின் மனைவி. "பொண்ணு எதைக் காட்டிக் கூப்பிட்டாள்னு அவர் இன்னும் பார்க்கவே இல்ல."