மலையேற ஒரு மெத்தை

தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஒரு சைக்கிள் கடையில், மெத்தை வைத்த கால்சட்டைகளை நரிசா அழுத்திப் பார்த்தாள்.

“இன்னும் தடிமனா இல்லையா தம்பி?”

“மலைக்கு மெல்லிசே போதும்க்கா. ஏத்தத்துல எல்லாரும் சீட்டை விட்டு எழுந்து நின்னுதானே மிதிப்பாங்க?” என்றான் கடைக்காரன் பிரசோங்.

“நான் எழுந்திரிக்க மாட்டேன். போன வருஷம் உட்கார்ற இடமெல்லாம் புண்ணாகி, பாதியிலேயே திரும்பிட்டேன். இந்தத் தடவை உச்சியைத் தொட்டாகணும்.”

“தோய் இந்தனோன் மலையை உட்கார்ந்தபடியேவா? சரியான சோம்பேறி அக்கா!”

நரிசா சிரித்துக்கொண்டே, போட்டுப் பார்க்க ஒன்றை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போனாள்.

“தம்பி, இதைக் கொஞ்சம் பிடி!”

திரைக்கு வெளியே அவளது செயற்கைக் கால் நீண்டது.

“சைக்கிள்ல இதை மாட்டறதில்லை. ஒத்தைக் கால்ல எப்படிப்பா எழுந்து நிக்கறது?”

பிரசோங் அதைப் பத்திரமாகச் சாய்த்து வைத்தான். ஏணியில் ஏறி, கடையிலேயே தடிமனானதை எடுத்து வந்து, இரு கைகளாலும் நீட்டினான்.

“உச்சியில ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்கக்கா. கடையில மாட்டணும்.”