சின்ன மாப்பிள்ளை ஏற்றுகிறார்

சின்ன மாப்பிள்ளை கால் நீட்டி உட்கார்ந்திருக்க, அவர் எதிரில் மாமனார் குனிந்து நின்றார். அறுபத்தெட்டு வயது மனிதர், அதிலும் மூட்டுவலிக்காரர். பார்த்துக்கொண்டிருந்த மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது.

விஷயம் வேறொன்றுமில்லை. புல்வெட்டும் வண்டியை ஏற்றுவதற்காகக் குட்டி லாரியின் பின்னால் இரண்டு இரும்புப் பலகைகளைச் சாய்த்திருந்தார்கள். பலகை நழுவாமல் லாரியோடு பிணைக்கும் சங்கிலியை மாட்டாமலே, சின்னவர் ராஜா மாதிரி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமனாரே குனிந்து கொக்கியை மாட்டி, இழுத்தும் பார்த்தார்.

நானாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார் என்று மூத்தவர் பல்லைக் கடித்தார்.

“பிளேடைத் தூக்கிட்டீங்களா மாப்ள? நேரா வாங்க. அவசரமே இல்ல.” மாமனார் குரலில் அப்படி ஒரு குழைவு.

புல் வெட்டித் தரும் தொழில் மாமனாருடையது. இரண்டு லாரி, இரண்டு வண்டி, இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. சின்னவர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

தினமும் காலையில் இதே கூத்துதான். சின்னவர் ஏற்றினால் மாமனார் ஓரமாக நின்று கண் கொட்டாமல் பார்ப்பார். பின்சக்கரமும் லாரிக்குள் போனதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பார். மூத்தவர் ஏற்றும்போது மட்டும் பேப்பரை விரித்துக்கொள்வார். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், இன்னொரு கண்ணுக்குச் சுண்ணாம்பு!

“எங்கப்பா உங்களை ஒரு குறை சொல்லியிருப்பாரா?” என்று நேற்றுகூட மனைவி சண்டைக்கு வந்தாள்.

“குறை சொல்றதுக்காவது என்னைப் பார்க்கணுமே!”

இன்று மூத்தவர் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். வேறொரு கம்பெனியில் பேசியாயிற்று. தன் வண்டியை ஏற்றிய கையோடு சொல்லிவிட வேண்டியதுதான் பாக்கி.

சின்னவர் ஒருவழியாக ஏறி முடித்தார். மாமனார் கைதட்டாத குறை. வண்டியை லாரியோடு பிணைக்கும் பெல்ட்டையும் தானே இறுக்கிக் கட்டிவிட்டு, நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

மூத்தவர் பலகைகளைத் தன் லாரிக்கு இழுத்தார். சங்கிலி மாட்டி, பிளேடைத் தூக்கி, நூல் பிடித்த மாதிரி வண்டியை மேலே ஏற்றினார். இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, நான்கு மூலையிலும் பெல்ட்டை இறுக்கினார். திரும்பிப் பார்த்தால், மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான், பதினோரு வருஷத்துப் பொறுமை பறந்துவிட்டது.

“மாமா!”

மாமனார் திடுக்கிட்டு விழித்தார். “ஏத்தியாச்சா மாப்ள?”

“நாளையிலேருந்து நான் வரல. வேற இடம் பார்த்துட்டேன்.”

“என்ன மாப்ள சொல்றீங்க?”

“நான் ஏத்துறதை ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா மாமா? அவர் ஏத்தினா சங்கிலி மாட்டிவிடுறீங்க, பெல்ட் கட்டிவிடுறீங்க, பக்கத்துலயே நின்னு ரசிக்கிறீங்க. இன்னைக்கு நான் ஏத்தும்போது தூங்கவே தூங்கிட்டீங்க. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?”

மாமனார் முகம் வெளுத்தது. சின்னவர் காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மூத்தவரின் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க ஏத்தும்போதுதான் மாப்ள, என்னால கண்ணை மூட முடியுது.”