மூணே மூணு லைக்

"இதை எழுதினது நீதானடா?" இன்ஸ்பெக்டர் என் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

'எங்கள் தெருக்குழியும் மேயர் வயிறும் ஒன்று. எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாது.'

"ஆமா சார். ஆனா மூணே மூணு லைக்தான். அதுல ஒண்ணு எங்கம்மா. விட்டுடுங்க சார், அடுத்த வாரம் பரீட்சை."

"உள்ளே உக்காந்து எழுது." என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துப் படம் பிடித்தார்.

சாயங்காலம் மேயரே போனில் வந்தார். அவர் கத்தியது பெஞ்சு வரை கேட்டது.

"ஊரே என் வயித்தைப் பாத்துச் சிரிக்குதுய்யா!"

"எழுதினவனைப் பிடிச்சாச்சுங்கய்யா."

"அவன் எழுதினது எவனுக்குத் தெரியும்? அவனை விட்டுத் தொலை. அதை ஊர் பூரா பரப்பினான் பாரு, அவனைப் பிடிச்சு உள்ளே போடு!"

"இப்பவே போடறேங்கய்யா!" போனை வைத்த இன்ஸ்பெக்டர், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் போலீஸிடம் பாய்ந்தார். "பரப்பினது எவன்னு பாரும்மா. தோலை உரிச்சிடறேன்."

அந்தம்மா பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "நம்ம ஸ்டேஷன் பேஜ்தான் சார். 'இப்படி எழுதினால் கைது'ன்னு காலையில இவன் போட்டோவோட, இவன் எழுதினதையும் முழுசாச் சேர்த்து நீங்கதானே போட்டீங்க? அறுபதாயிரம் பேர் ஷேர் பண்ணியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

நான் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

"உக்காருங்க சார். இடம் இருக்கு."