முதல் கோட்பாடும் இரண்டாம் கோட்பாடும்

விமானப்போர் பற்றிய கணவன் சேந்தனின் ஆய்வேட்டைத் தர்மினிதான் தட்டச்சு செய்தாள். நகரத்தில் குண்டு போட்டால் மக்கள் மனமுடைந்து தங்கள் அரசையே எதிர்ப்பார்கள் என்றது முதல் கோட்பாடு. தொழிற்சாலைகளை அடித்தாலே போதும் என்றது இரண்டாவது.

“உனக்கு எது சரின்னு படுது?” என்று விளையாட்டாகக் கேட்டான்.

பத்து வருட மணவாழ்வில் சொல்லாததை அவள் அப்போது சொன்னாள்.

“எங்கட ஊரிலை தொழிற்சாலை இல்லை. குண்டு விழுந்த அண்டைக்கு நாங்கள் ஒருத்தரையும் எதிர்க்கேல்லை. அப்பாவும் நானும் தங்கச்சியைச் சாக்கிலை பொறுக்கிக்கொண்டிருந்தம்.”

சேந்தனின் கண்கள் கலங்கிவிட்டன. அவள் கையைப் பற்றிக்கொண்டான். பிறகு தயங்கியபடி கேட்டான்.

“இதை அடிக்குறிப்பாப் போட்டுக்கட்டுமாம்மா?”

தர்மினி கையை உருவிக்கொண்டாள்.

“எந்தக் கோட்பாட்டுக்கு?”