வெள்ளிக்கிழமை காமெடி

மனைவி மேவிஸை அடக்கம் செய்து பத்து நாளாகியும் நார்மன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. லீட்ஸிலிருந்து வந்திருந்த மகள் ஜூடித், வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பார்க்கும் காமெடித் தொடரைப் போட்டுவிட்டாள்.

நார்மன் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஜூடித் அவர் எதிரே வந்து மண்டியிட்டாள். "என்னப்பா, இந்த சீனுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பீங்களே!"

"டிவில பேசுறது என் காதுல விழுந்து நாலு வருஷமாச்சும்மா. எதிர்ல வந்து பேசினா உதட்டப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன்."

"அப்புறம் எப்படிச் சரியான இடத்துல சிரிச்சீங்க?"

"உங்கம்மா முகத்தப் பார்த்துத்தான். விஷயம் தெரிஞ்சிருந்தா அவ சிரிக்கிறதையே விட்டிருப்பாளே!"

ஜூடித் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

அவள் முகத்தைப் பார்த்து நார்மனும் அழ ஆரம்பித்தார்.