கிராணியின் சூரியச் சட்டை

1943 ஆகஸ்டு 9, ஜொகூர், சாஆ. ஜப்பானியத் தளபதி ரப்பர் தோட்டத்தைப் பார்வையிட வந்தார்.

அவரை மயக்குவதற்காகவே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மாணிக்கவாசகம் தையல்காரி பேச்சியிடம் ஒரு சட்டை கேட்டிருந்தார்.

"துணி கிடைக்கல. ரப்பர் ஷீட்டுல பண்ணு. முதுகுல ஜப்பான்காரன் சூரியன். கதிரெல்லாம் என் தலைக்கு மேல விறைச்சு நிக்கணும். நானே செஞ்சேன்னு சொல்லப்போறேன். மேனேஜர் வேலை எனக்குத்தான்!"

"தாராளமா சொல்லுங்கய்யா," என்றாள் பேச்சி.

சொன்னார். தளபதி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். உச்சி வெயிலில் கதிர்கள் இளகி, ஒவ்வொன்றாகத் தொங்கின. ஜப்பான் சூரியன் சாய்வதைக் கண்டு கூட்டம் சிரித்தது. தளபதி கத்தியில் கை வைத்தார்.

"புகை போடாத ஷீட்டா வச்சே? வெயிலுக்கு இளகுமே!" என்று பேச்சியின் காதில் கிசுகிசுத்தாள் பக்கத்து வீட்டுச் செல்வராணி.

"ஆமாக்கா. கிராணிக்கு ஷீட்டைப் பத்தி என்ன தெரியும்? போனவன் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு எம் புருஷன் பேரை எழுதிக் குடுக்கத்தான் தெரியும்."

மறுநாள் சயாமுக்குப் போன லாரியில் கிராணி உட்கார்ந்திருந்தார்.