பித்த அமிலம்

அறிக்கையை அவள் இரண்டாம் முறை படித்தாள்.

பித்த அமிலம் 112.

பத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆனந்தியின் ரத்தம். கொழுந்தனின் மனைவி. ஒன்பதாம் மாதம். நேற்றுக் காலை இதே ஆய்வகத்தில் உட்கார வைத்து, ஊசி குத்தி எடுத்தவள் அவள்தான்.

பத்து நாளாக ஆனந்திக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பு. தடிப்பில்லை, சிவப்பில்லை. மாமியார் தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுகிறாள். டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிட்டார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன், கர்ப்பமாயிருந்தபோது, அவளுக்கும் இப்படித்தான் அரித்தது.

"புள்ளத்தாச்சின்னா அரிக்கத்தான் செய்யும்" என்றாள் மாமியார் அப்போது.

யாரும் ரத்தம் எடுக்கவில்லை. எட்டாம் மாதக் கடைசியில் வயிற்றில் அசைவு நின்றது.

அதற்குப் பிறகுதான் லேப் டெக்னீஷியனுக்குப் படித்தாள்.

மற்ற எண்களைப் பார்த்தாள். ஆல்கலைன் பாஸ்பேடேஸ் என்ற நொதி கூடியிருந்தது. அதற்குக் காரணம் சொல்லலாம். கர்ப்பத்தில் நச்சுக்கொடியே அதைச் சுரக்கும். பித்த அமிலத்துக்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது. பித்தம் கல்லீரலிலிருந்து இறங்காமல் ரத்தத்தில் தேங்குகிறது. நூறைத் தாண்டினால் உள்ளே இருக்கும் குழந்தையின் இதயம் சொல்லாமல் நின்றுவிடலாம்.

அந்த எண்ணின் மேலேயே அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

மாமியார் தேய்க்கும் எண்ணெய்க்காகக்கூட இல்லை. ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு ஆனந்திக்கு ஒருத்தி இருக்கிறாளே என்று.

ஒரு நிமிடம் போனை எடுக்காமல் கையை மேசையிலேயே வைத்திருந்தாள்.

பிறகு டாக்டருக்குப் போன் செய்தாள்.

"பித்த அமிலமா? நான் எழுதலையேம்மா. யார் போடச் சொன்னது?"

"நானேதான் சேர்த்தேன் டாக்டர். இன்னைக்கே பார்த்துடுங்க."

மாலை நாலு மணிக்கு ஆபரேஷன்.

பெண் குழந்தை. அழுதது.

நர்ஸ் துணியில் சுற்றி வெளியே எடுத்து வந்தாள். மாமியார் கையை நீட்டினாள். நர்ஸ் தரவில்லை. லேப் அக்காவிடம்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று ஆனந்தி சொல்லியிருக்கிறாள்.

அவள் வாங்கினாள். கழுத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"நல்லாத்தான் பிடிக்கிறீங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றாள் நர்ஸ்.

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணு" என்றாள் அவள்.

"பையன்."